மூன்றாம் மாடி, பதினேழாம் போர்ட்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன், ஒரு டம்ளர். முதல் இரண்டு மாதம் கை தவறி இரண்டு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தது. இப்போது தவறுவதில்லை. குளித்தேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டேன், மேலே ஸ்வெட்டர் வந்துவிடும் என்பதால். கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பேருந்தில் இடப்பக்கம் உட்கார்ந்தேன். எட்டு நிறுத்தம். வாரியத்தின் வாசலில் அட்டையைக் காட்டினேன். காவலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. அடித்தளத்தில் என் அறை. இயந்திரங்களுக்காக அதைப் பத்தொன்பது டிகிரியில் வைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் அதற்குத்தான்.

திரையைப் போட்டேன். கட்டடத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு போர்ட்டுகளும் சின்னக் கட்டங்களாக வந்தன. பச்சை என்றால் ஆள் வேலை செய்கிறார். சாம்பல் என்றால் போர்ட் மூடியிருக்கிறது. ஒன்று மட்டும் மஞ்சள். மூன்றாம் மாடி, பதினேழு. மஞ்சள் என்றால் கம்பியில் உயிர் இருக்கிறது, ஆள் வரவில்லை.

ஒன்பது ஐந்துக்கு அந்தப் போர்ட்டின் பயனருக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் போகும். "வணக்கம். தாங்கள் இன்னும் பணிக்கு வரவில்லை என்று தெரிகிறது." நகல், தொடர்புடைய நபருக்கு. தொடர்புடைய நபர் நான். பயனர் என் மனைவி. இறந்து ஏழு மாதம் ஆகிறது.

எடைக்கற்கள், தராசுகள், அளவு நாடாக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்று தருவது எங்கள் வாரியத்தின் வேலை. அவள் முறையீட்டுப் பிரிவில் இருந்தாள். கடைக்காரன் தராசு பொய் சொல்கிறது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வாள். நான் வலையமைப்புத் தொழில்நுட்பர். வாரியத்துக்கு அப்படி ஒருவர்தான்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் போர்ட் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் முழுக்க ஒரே கம்பி வலைதான். ஆனால் ஒரு பிரிவின் கோப்பு இன்னொரு பிரிவுக்குத் தெரியக் கூடாது. அதனால் ஒரே வலையைக் கண்ணுக்குத் தெரியாத சுவர்களால் அறைகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். அதற்கு வீலேன் என்று பெயர். கம்பிகள் வந்து சேரும் பெட்டி சுவிட்ச். அதில் உள்ள துளை ஒவ்வொன்றும் போர்ட்.

என் மனைவியின் மேசைக்குப் போனது ஒரே ஒரு கம்பி. அதில் இரண்டு பொருள்கள். தொலைபேசி சுவரோடு இணைந்திருந்தது. கணினி தொலைபேசியின் முதுகோடு இணைந்திருந்தது. தொலைபேசிக்குத் தன் அறை எண் தெரியும், நாற்பது. அனுப்புகிற ஒவ்வொரு தகவல் துணுக்கின் மேலும் நாற்பது என்று குறித்தே அனுப்பும். அது டேக். கணினிக்கு ஒன்றும் தெரியாது, வெறுமனே அனுப்பும். குறிப்பில்லாமல் இந்தத் துளை வழியாக வந்தால் அது இருபதாம் அறை என்று சுவிட்ச்தான் எடுத்துக்கொள்ளும். பதில் திரும்பி வரும்போது குறிப்பை நீக்கிவிட்டுக் கொடுக்கும். அது அன்டேக். தான் எந்த அறையில் இருக்கிறோம் என்பது கணினிக்குக் கடைசி வரை தெரியாது. வேலை நடந்துகொண்டிருக்கும்.

இவ்வளவுதான் விஷயம். கல்லூரியில் இதை ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். வாரியத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள், பதினொரு பேர்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆலோசகர் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் டேக் என்றும் மறுபக்கம் அன்டேக் என்றும் எழுதினார். இயக்குநர் எழுந்து நின்று பலகையையே பார்த்தார். இத்தனை பெரிய பிரிவினை இத்தனை நாள் ஒரே ஆள் கையில் இருந்ததா என்று கேட்டார். என்னைத்தான் சொன்னார். மறுவாரம் டேக் பிரிவும் அன்டேக் பிரிவும் தொடங்கப்பட்டன. பலகையை அழிக்கவில்லை. கண்ணாடி போட்டு மாநாட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மூலையில் ஆலோசகர் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதியதும் அப்படியே இருக்கிறது. பயிற்சி ஆவணத்தில் அதற்கும் ஒரு பத்தி உண்டு.

இரண்டு பிரிவுகளும் நான்காம் மாடியில் எதிரெதிரே இருக்கின்றன. இடையே நான்கு எட்டு நடை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் தரைத்தளத்துக்கு இறங்கி, பதிவாகி, மறுபடி மேலே ஏற வேண்டும். மூன்று வேலை நாள்.

எனக்கு வேறோர் ஊரில் வேலை கிடைத்தது. என் மனைவியின் அக்கா இருக்கும் ஊர். என் மகள் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு மூன்று வயது. தனியாளாக என்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று எல்லோரும் சொன்னதால் அக்காவிடம் விட்டிருந்தேன். வாரம் ஒருமுறை போய் வருவேன். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும், கையில் விடுவிப்புக் கடிதம் வேண்டும் என்று புதிய அலுவலகம் எழுதியிருந்தது. ஆறாம் தேதி விண்ணப்பம் கொடுத்தேன். எட்டாம் தேதி பதில் வந்தது. "தாங்கள் பொறுப்பேற்ற 312 போர்ட்டுகளையும் குறைவற்ற நிலையில் ஒப்படைத்தபின் விடுவிக்கப்படுவீர்கள். 311 குறைவற்றவை. ஒன்றில் பயனர் நிலுவை."

அந்தப் போர்ட்டை நானே மூடலாம். ஒரு வரி ஆணை, நான்கு விநாடி. ஆனால் உறவினர் போர்ட்டைத் தொழில்நுட்பர் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. எங்கள் திருமணத்துக்கு மூன்றாம் நாள் வந்தது. வாரியத்திலிருந்து வந்த வாழ்த்து அது ஒன்றுதான். உறவினர் போர்ட்டை வேறொரு தொழில்நுட்பர்தான் தொட வேண்டும். பணியிடமோ ஒன்றுதான். நான் விடுவிக்கப்பட்டால் வேறொருவரை எடுப்பார்கள். அவர் மூடினால் நான் விடுவிக்கப்படலாம்.

டேக் பிரிவின் அலுவலரை எல்லோரும் டேக் சார் என்பார்கள். ஒல்லியானவர். பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார்.

"தம்பி, வருத்தமான விஷயம்தான். உக்காருங்க. டேக்னா என்ன? அடையாளம். அடையாளம் இருக்கிறவனைத்தான் நாம பாதுகாக்க முடியும். இல்லாதவன் எப்படிப் போனா நமக்கென்ன. உங்க வீட்டம்மாவோட போன் நாற்பதுல இருக்கு. அருமையா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது."

"அதை எடுத்துடணும் சார்."

"எடுக்கலாம். போன் முன்னாடி இருக்கு, கணினி அதுக்குப் பின்னாடி தொங்குது. குடியிருக்கிறவர் உள்ள இருக்கும்போது வீட்டை இடிக்க முடியுமா? முதல்ல எதிர்ல போய் அன்டேக்கை எடுத்துட்டு வாங்க. அப்புறம் அஞ்சு நிமிஷம்."

"அவங்க முதல்ல உங்க கையெழுத்துதான் கேப்பாங்க சார்."

"கேப்பாங்க." மூடியை மறு கன்னத்துக்கு மாற்றினார். "அவங்களுக்கும் ஏதாவது வேலை வேணும்ல."

நான்கு எட்டு நடந்து எதிர் அறைக்குப் போனேன். அன்டேக் மேடம் கோப்பிலிருந்து தலையைத் தூக்க ஒரு நிமிடம் ஆனது. தூக்கியதும் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். டேக் எடுத்தாச்சா?"

"இல்ல மேடம். முதல்ல நீங்க எடுக்கணும்னு சொல்றாரு."

"அவர் சொல்லுவாரு. ஒரு போர்ட்ல டேக் எத்தனை வேணா இருக்கலாம். பத்து, இருபது. சந்தைல கூட்டம் மாதிரி. அன்டேக் ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒண்ணு இருந்தே ஆகணும். நான் இருபதை எடுத்துட்டா போர்ட் எங்க போய் விழும், நீங்களே சொல்லுங்க."

"ஒண்ணுல."

"ஒண்ணு யாரோடது?"

"இயக்குநரோடது."

"அப்ப காலமானவங்களைக் கொண்டுபோய் இயக்குநர் அறையில உக்கார வைக்கச் சொல்றீங்க."

அவர் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. எந்த அறையிலும் சேராத போர்ட் தானாகவே ஒன்றாம் எண்ணில் போய் விழும். அதனால்தான் ஒன்றாம் எண்ணை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பார்கள். நானும் சொன்னேன். தன்னைவிடச் சிறிய எண் யாருக்கும் இருக்கக் கூடாது என்று இயக்குநர் அதையே எடுத்துக்கொண்டார். அவருடைய அச்சுப்பொறி வேறு எண்ணில் மாட்டிக்கொண்டது. மூன்று வருடமாக அவர் அச்சிடும் எதுவும் அச்சாவதில்லை. இதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அவர் பொத்தானை அழுத்தியதும், பக்கத்து அறை உதவியாளர் முன்பே தட்டச்சு செய்து வைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

"அறையெல்லாம் மாத்த வேண்டாம் மேடம். போர்ட்டை அப்படியே மூடிடலாம். ஒரே வரி."

"மூடுறது வேற, ஒப்படைக்கிறது வேற. கதவைச் சாத்திட்டா ஆள் வெளிய போயிட்டார்னு அர்த்தமா? உள்ளயும் இருக்கலாம்ல."

நான் அடித்தளத்துக்கு இறங்கினேன். பத்தொன்பது டிகிரி.

பன்னிரண்டாம் தேதி என் மனைவிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. "தாங்கள் தொடர்ந்து 148 வேலை நாட்களாகத் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட போர்ட்டைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்கள். வாரியத்தின் வளத்தை முடக்கியதற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்." நகல் எனக்கு. பயனர் இறந்துவிட்டார் என்று ஒரு வரியில் பதில் எழுதி, சான்றிதழையும் இணைத்தேன். மறுநாள் பதில் வந்தது. விளக்கம் பெறப்பட்டது, பயனரின் கையெழுத்து இல்லாததால் ஏற்க இயலவில்லை.

பணியாளர் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் மனைவியின் அடக்கத்துக்கு வந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்.

"எங்களைப் பொறுத்தவரை அவங்க காலமாயிட்டாங்க. பதிவேட்டுல அன்னிக்கே கோடு போட்டாச்சு. வலைப்படிதான் இன்னும் இருக்காங்க. அது எங்க கையில இல்ல. நீங்கதானே வலை?"

"ஆமா. நான்தான்."

"அப்ப அங்கயே கேளுங்க."

அன்று மாலை அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணாம் தேதி வந்துடுவீங்கல்ல? பக்கத்துலயே பள்ளிக்கூடம் பாத்து வச்சிருக்கேன். சேர்க்கறப்ப அப்பாவும் கூட வரணும்னு சொன்னாங்க."

"வந்துடுவேன் அக்கா. ஒரு போர்ட்தான் பாக்கி."

"என்ன பாக்கி?"

"ஒண்ணுமில்ல. ஒரு கையெழுத்து."

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அம்மா, யாரு போன்ல?" அக்காவை முதலில் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஒவ்வொரு முறையும் திருத்துவார். அன்று திருத்தவில்லை. "அப்பாதான் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

பதினெட்டாம் தேதி இயக்குநர் நேரடி ஆய்வுக்கு வந்தார். போர்ட் ஆய்வு என்றால் போர்ட் இருக்கும் சுவிட்சைப் பார்க்க வேண்டும், அது என் அறைப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது என்று சொன்னேன். அவர்கள் மேசையைப் பார்க்க மூன்றாம் மாடிக்குப் போனார்கள். முன்னால் இயக்குநர். அவருக்கு ஓரடி பின்னால், இரண்டு பக்கமும் சமமாக, டேக் சாரும் அன்டேக் மேடமும். வளைவில் ஒருவர் முந்திவிடாமல் இருப்பதற்காக மெதுவாகத் திரும்பினார்கள். கடைசியில் நான், தொடர்புடைய நபர்.

முறையீட்டுப் பிரிவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மணியடித்துக்கொண்டிருந்த தொலைபேசிகளை யாரும் எடுக்கவில்லை.

அவளுடைய மேசையை ஏழு மாதமாக யாருக்கும் கொடுக்கவில்லை. போர்ட் ஒப்படைக்கப்படாத மேசையை ஒதுக்க விதியில்லை. திரையில் தூசி. நாற்காலி அவள் உயரத்துக்கு இறக்கியபடியே இருந்தது. இயக்குநர் அதில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. பக்கத்திலிருந்த நெம்புகோலை இழுத்து உயர்த்திக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

"சத்தம் வருதே."

"வரும் சார்" என்றார் டேக் சார். "டேக் அருமையா இருக்கு."

"அப்ப இருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

டேக் சார் அன்டேக் மேடத்தைப் பார்த்தார்.

"வலைப்படி பாத்தா, ஆமா சார்" என்றார் அன்டேக் மேடம்.

இயக்குநர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்தபடி பேசினார். முறையீட்டுப் பிரிவு நின்றபடி கேட்டது.

"என்னப்பா, உனக்கு அவசரம். புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நான் இந்த வாரியத்துக்கு வந்தப்ப எல்லாம் ஒரே வலை. முறையிடுறவனும் கேக்குறவனும் பதில் சொல்றவனும் ஒரே இடத்துல. எவ்வளவு அசிங்கம். இன்னிக்கு என் கணினியிலருந்து ஒண்ணும் எங்கயும் போகாது. எங்கருந்தும் எனக்கு ஒண்ணும் வராது. அதுதான் பாதுகாப்பு. இங்க வந்தவங்க யாரும் பேப்பர் இல்லாம வெளிய போனதில்ல. முப்பது வருஷம். உங்க வீட்டுல மட்டும் பேப்பர் இல்லாம போகலாம்னு நினைச்சா, நாளைக்கு எல்லாரும் அப்படியே போக ஆரம்பிச்சுடுவாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். இயக்குநர் எழுந்தார். நாற்காலியைத் திரும்ப இறக்கவில்லை.

அவர்கள் போனபின் நான் கொஞ்ச நேரம் நின்றேன். குனிந்து, சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். பிடுங்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகும். சிவப்பு என்றால் சேதம். சேதத்துக்குத் தனி விசாரணைக் குழு உண்டு. நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

இருபத்து நான்காம் தேதி கூட்டுக் குழு கூடியது. மாநாட்டுக் கூடம். கண்ணாடி போட்ட பலகைக்குக் கீழே இயக்குநர். ஒரு பக்கம் டேக் சார், மறுபக்கம் அன்டேக் மேடம், எதிரே நான். நல்ல செய்தி இருப்பதாக டேக் சார் சொன்னார். விதிகளில் பதினான்கின் இ பிரிவைக் கண்டுபிடித்திருந்தார்கள். பயனர் நேரில் வர இயலாதபோது, அவர் கடைசியாகக் கூறியதை உடனிருந்த உறவினர் எழுதிக் கையெழுத்திட்டால், அதையே ஒப்படைப்பாகக் கொள்ளலாம். டேக்கும் அன்டேக்கும் ஒரே நேரத்தில் எடுக்கப்படும். யார் முதலில் என்ற கேள்வியே எழாது.

"இதை யார் எழுதினது தெரியுமா?" என்றார் இயக்குநர். "நான்தான். அப்ப யாரும் பாராட்டல."

படிவம் இரண்டு பக்கம். ஒன்பதாம் கட்டம்தான் முக்கியமானது. மேலே அச்சிட்டிருந்தது: "பயனர் கடைசியாகக் கூறியது (சொன்னது சொன்னபடி)."

எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அதையும் அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். "எனக்கு ஒதுக்கப்பட்ட மூன்றாம் மாடி பதினேழாம் போர்ட்டை, டேக் செய்யப்பட்ட நிலையிலும் டேக் செய்யப்படாத நிலையிலும், முழு மனதோடு வாரியத்திடம் ஒப்படைக்கிறேன்."

அன்டேக் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இதுல டேக் முதல்ல வருது."

"அகர வரிசைப்படி போட்டிருக்கு" என்றார் டேக் சார்.

"அகர வரிசைன்னா அன்டேக்தான் முதல்ல வரணும். அ முதல்லயா, ட முதல்லயா?"

"இங்க அன்டேக்னு எங்க இருக்கு மேடம்? 'டேக் செய்யப்படாத'ன்னுதான் இருக்கு. ரெண்டும் ட."

"ரெண்டும் டன்னா அப்ப மூப்புப்படி போடுங்க. எங்க பிரிவு உத்தரவு காலைல கையெழுத்தாச்சு. உங்களோடது மதியம்."

இது நாற்பது நிமிடம் நடந்தது. நடுவில் இரண்டு முறை டீ வந்தது. நான் படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்பி முடித்தேன். பெயர், உறவு, மருத்துவமனையில் உடனிருந்த நாட்கள். நான்கு என்று எழுதினேன்.

இறுதியில் இயக்குநர் கையைத் தூக்கினார்.

"ரெண்டு பேருக்கும் மனசு நோகக் கூடாது. அவங்க ரெண்டு தடவை சொன்னதா வச்சுடலாம். முதல் தடவை டேக் முன்னாடி. ரெண்டாவது தடவை அன்டேக் முன்னாடி. என்னப்பா, ரெண்டு தடவை சொல்லியிருப்பாங்கல்ல?"

நான் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"ரெண்டு தடவை சொல்ற அளவுக்குத் தெம்பு இருந்துச்சான்னு பாத்துக்குங்க சார்" என்றார் அன்டேக் மேடம். "தணிக்கைல மருத்துவமனைக் குறிப்பைக் கேப்பாங்க."

"இருந்துச்சுன்னு போட்டுக்கலாம்." இயக்குநர் பேனாவை என் பக்கம் உருட்டினார். "சொன்னது சரியா இருக்கணும்னு இல்லப்பா. படிக்கறதுக்குச் சரியா இருக்கணும். கையெழுத்துப் போடு. இன்னிக்கே விடுவிப்பு அடிச்சுக் குடுத்துடுறேன். ஒண்ணாம் தேதி குழந்தையோட இருப்பே."

பேனாவை எடுத்தேன். போட்டிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். அந்தத் தாளை யாரும் படிக்கப் போவதில்லை. ஒரு மஞ்சள் கட்டம் சாம்பலாகும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்பதாம் கட்டத்தின் தலைப்பை மறுபடியும் படித்துவிட்டேன். ஏழு மாதத்தில் நிறையப் பேர் நிறையக் கேட்டிருக்கிறார்கள். என்ன வியாதி, எப்போது தெரிந்தது, எந்த மருத்துவர், முன்பே காட்டியிருக்கலாமே, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், இனி என்ன செய்யப் போகிறாய். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காகூடக் கேட்கவில்லை. பெரிதாக ஏதோ சொல்லியிருப்பாள், அதைக் கிளற வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். இந்தப் படிவம்தான் முதலில் கேட்டது. எழுத நான்கு வரி இடமும் விட்டிருந்தது.

தட்டச்சு செய்திருந்ததன் மேல் ஒரு கோடு போட்டேன். கீழே எழுதினேன். மூன்று வரிகூட வரவில்லை. கையெழுத்திட்டு நகர்த்தினேன்.

டேக் சார் முதலில் படித்தார். பேனா மூடி வாயிலிருந்து மேசையில் விழுந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இயக்குநரிடம் கொடுத்தார்.

"இது என்னப்பா? இதுல போர்ட்டைப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"இல்ல சார்."

"டேக்கும் இல்ல, அன்டேக்கும் இல்ல."

"சொன்னது சொன்னபடின்னு போட்டிருக்கு சார்."

"அது சும்மா போடுறதுப்பா. எல்லாப் படிவத்துலயும் போடுவாங்க."

அன்டேக் மேடம் தாளை வாங்கிப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூன்று வருடத்தில் முதல் முறையாக என்னிடம் சாதாரணமான ஒரு கேள்வி கேட்டார்.

"வாங்குனீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"கேக்கல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். எதிரே டேக் சார் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "பதிவுக்கு அனுப்பலாம்" என்றார்.

தாள் தரைத்தளத்துக்கு இறங்கியது, பதிவானது, மேலே ஏறியது. முப்பதாம் தேதி என் மேசைக்கு வந்தது. ஓரத்தில் இரண்டு பிரிவுகளின் முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றைவிட ஒன்று உயராமல் குத்தியிருந்தது. கீழே குறிப்பு: "பயனரின் கூற்றில் போர்ட் எண், டேக் நிலை, அன்டேக் நிலை எதுவும் காணப்படவில்லை. பயனரிடம் மீண்டும் கேட்டுப் பெற்றுச் சமர்ப்பிக்கவும்."

புதிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். கடிதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார்கள். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பட்டியலில் அடுத்தவர் காத்திருக்கிறார் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்ன தம்பி, கிளம்பியாச்சா?"

"இல்ல அக்கா. அந்த வேலை போயிடுச்சு."

"ஏன்? ஒரு கையெழுத்துதானே பாக்கின்னு சொன்னீங்க?"

"போட்டேன். அவங்க கேட்ட மாதிரி எழுதல."

"என்ன எழுதச் சொன்னாங்க?"

"அவ கடைசியா என்ன சொன்னான்னு."

 எங்கேயோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா குழாயை மூடினார்.

"என்ன சொன்னா தம்பி?"

படிவத்தின் நகல் மேசையில் இருந்தது. திரையில் பதினேழு மஞ்சளாக இருந்தது. ஒன்பதாம் கட்டத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"பக்கத்து பெட் அம்மாகிட்ட என் சார்ஜர் இருக்கு. போகும்போது கேட்டு வாங்கிட்டுப் போ. கூச்சப்பட்டுக்கிட்டு விட்டுட்டுப் போயிடாத."